மாற்ற மறந்த கூவல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அபொண்டியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அப்போது அவள் என் சமையலறை வாசலில், பால் தூக்கலாகக் கலந்த தேநீருடன் நின்றுகொண்டிருந்தாள். செய்தியைப் படித்தவள் மறுபடியும் படித்தாள். தேநீர் கோப்பையின் விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்தது. சூடு அவளுக்கு உறைக்கவில்லை.

"என்னம்மா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் ஒருத்தரைக் காட்டிக் கொடுத்துட்டேன்," என்றாள்.

கைப்பேசியை என்னிடமே நீட்டினாள். 'உங்க விளையாட்டுல படகு கரைக்கு வரும்போது ஒருத்தர் கூவுறாரே, அது எங்க படகுத் துறை ஓபியெரோவோட குரல். நான் கொயெராவுல ஒஜுவாங் மக, அகுமு. இப்போ கொண்டெலேயில கேம் ஹால்ல வேலை பாக்குறேன். உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நேர்ல வாங்க' என்று அதில் இருந்தது.

அபொண்டி என் வீட்டு மாடியில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறாள். வயது முப்பத்திரண்டு. பகலில் பாதி நேரம் கிசுமு நகரத்துக் கடைகளுக்குச் சரக்கிருப்பைக் காட்டும் மென்பொருள் எழுதிக் கொடுப்பாள். மீதி நேரம் கணினி விளையாட்டுகளை உருவாக்குவாள். அவளுக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை. புங்கோமாவில் இருக்கும் வெக்கேசா என்ற நண்பர் படங்களை வரைந்து அனுப்புவார். கதை, ஒலி, கட்டளை நிரல் எல்லாம் அவளே. மின்சாரம் நின்றால் பழைய வண்டி பேட்டரி ஒன்றில் கணினியை இணைத்துக்கொண்டு வேலையைத் தொடருவாள். அந்த பேட்டரியின் முனகலைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது.

அவளுடைய விளையாட்டுகளில் துப்பாக்கி இராது; ஓட்டமும் இராது. அவளுடைய தாய் சியாயாவில் ஒரு சிறு மருந்தகத்தின் செவிலியாக இருந்தவர். ஒரே ஓர் ஆக்சிஜன் உருளையும் மூச்சுத் திணறும் இரண்டு குழந்தைகளும் இருந்த நாள்களைப் பற்றி, இரவு உணவின்போது உகாலிக் களியைப் பிட்டுக்கொண்டே, "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்பார். ஐந்து பிள்ளைகளும் குழம்பு ஆறும்வரை சண்டையிடுவார்கள். தாம் என்ன செய்தார் என்பதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அபொண்டியின் முதல் விளையாட்டு அந்த மருந்தகந்தான். அதை விளையாடியவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐவர் உறவினர்.

"இதையெல்லாம் ஒரு புத்தகமா எழுதக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"புத்தகம் கேள்வியைக் கேட்டுட்டுச் சும்மா இருந்துடும்மா. நாம பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிடலாம். இதுல விரலை வச்சு அழுத்தினாத்தான் அடுத்தது வரும். அழுத்தினது நாமதான்னு விரலுக்குத் தெரிஞ்சுடும்," என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளை அச்சுறுத்திய விளையாட்டின் பெயர் 'மூன்றாவது கை'. அதன் முன்னோட்டப் பகுதியை மூன்று வாரங்களுக்கு முன்புதான் வெளியிட்டிருந்தாள். ஏரியின் நடுவே ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது. நாம் ஒரு சிறிய, ஒழுகுகிற படகில் அங்கே போய்ச் சேருகிறோம். படகின் விளிம்பை மூன்று பேரின் கைகள் பற்றுகின்றன. படகு இருவரைத்தான் தாங்கும். யாரை ஏற்றுவது என்பது முதற்பாதி. அது நான்கே நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டாம் பாதியில் படகு கரைக்கு வருகிறது. விடப்பட்டவரின் மனைவி, "என் வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?" என்று கேட்கிறாள். மூன்று பொத்தான்கள் தோன்றுகின்றன. நடந்ததைச் சொல்லலாம், தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன் எனலாம், யாரையும் பார்க்கவில்லை எனலாம். பின்னிரண்டில் ஒன்றை அழுத்தினால் விளையாட்டு நம்மைத் தண்டிப்பதில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் துறையில் நமக்கு வணக்கம் சொல்லுவாள்; நாமும் பொத்தானை அழுத்தித் திரும்ப வணங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால், அந்தப் பொத்தான் நாளுக்கு நாள் சற்றுத் தாமதமாக வேலை செய்யும்.

இந்தக் கதை அவளுடைய கற்பனை அன்று. அதுதான் அச்சத்துக்குக் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நீரின் ஒலியையும் துடுப்பின் ஒலியையும் பதிவு செய்வதற்காக அவள் கொயெரா துறைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அங்கே படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் பெண்கள் அலுமினியத் தட்டங்களுடன் மணலில் காத்திருப்பார்கள். படகுக்காரர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே புகழ்ந்து கூவிக்கொண்டு வருவார். கல்யாண வீட்டில் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தம் புகழைத் தாமே சொல்லிக்கொள்ளும் எங்கள் மக்களுக்கு ஏரியிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருவர் கூவலை மற்றவர் எடுப்பதில்லை. அது கொடியில் காயும் பிறர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வதைப் போன்றது. ஓபியெரோ என்ற முதியவரின் கூவல் இது: "அலைக்கு மூத்தவன் வர்றான், காத்துக்கு வழி சொன்னவன் வர்றான், அடோயோ பெத்த கடைக்குட்டி வர்றான், கரையே தள்ளி நில்லு."

"கூவலைக் கேட்டா முதலையைக் கட்டி இழுத்துட்டு வர்றாப்ல இருக்கு. வலையைப் பாத்தா விரல் நீளத்துல நாலு மீனு," என்பாள் காத்திருப்பவர்களில் ஒருத்தி.

"அந்த நாலும் உங்களைத் தூரத்துல பாத்துட்டு, பயந்து படகுக்குள்ள குதிச்சதுங்க, தாயி," என்பார் அவர்.

பிறகு முதல் மீனை எடுத்து அகுமுவின் தாயினுடைய தட்டத்தில் வைப்பார். அகுமுவின் தாய் என்ற பொருளில் எல்லாரும் அவளை மின் அகுமு என்றே அழைப்பார்கள். அவளுடைய கணவர் ஒஜுவாங் ஏரியில் மூழ்கி இறந்தவர். அந்த முதல் மீனுக்கு ஓபியெரோ விலை வாங்கியதே இல்லை. இறந்துபோன நண்பனுடைய மனைவிக்கு ஒருவர் காட்டும் பரிவு என்று துறையே அதை மெச்சிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரத்தில் அவளைத் தம் படகில் ஏற்றிச் சென்றபோது, கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில், ஓபியெரோ துடுப்பை நிறுத்தினார். "மைக்கை அணைச்சிடு, பொண்ணே," என்றார். அவள் அணைத்தாள். அப்போதுதான் அவர் சொன்னார். ஒஜுவாங் மூழ்கிய அன்று அவர் போய்ச் சேர்ந்தபோது கவிழ்ந்த படகில் மூன்று பேர் இருந்தனர். இருவர் ஏதோ ஒரு தீவிலிருந்து கூலிக்கு வந்த இளைஞர்கள், மூன்றாமவர் ஒஜுவாங். இளைஞர்களை ஏற்றிக்கொண்டார். விளிம்பைப் பற்றியிருந்த ஒஜுவாங்கின் விரல்களை ஒவ்வொன்றாகத் தாமே விடுவித்தார். இளைஞர்களை அவர்களுடைய தீவில் இறக்கிவிட்டார்; அவர்கள் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. கரைக்கு வந்து, யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். உடல் நான்கு நாள்களுக்குப் பிறகு ஒதுங்கியது.

"ஏன் அவரை விட்டீங்க?" என்று அபொண்டி கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பசங்களுக்கு என்னைத் தெரியாது. ஒஜுவாங்குக்குத் தெரியும். தெரிஞ்சவன் புரிஞ்சுக்குவான்னு நினைச்சேன்."

இதை விளையாட்டில் வைத்துக்கொள்ள அவரே இசைந்தார். "எவனாவது ஒருத்தன் என் இடத்துல நின்னு பாக்கட்டும். ஆனா அது நான்னு தெரியக் கூடாது. மின் அகுமுவுக்குத் தெரியவே கூடாது," என்றார். அபொண்டி வாக்குக் கொடுத்தாள். ஊரின் பெயரை மாற்றினாள், படகின் நிறத்தை மாற்றினாள், முதியவரை இளைஞராக்கினாள்.

விளையாட்டுச் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரியான படமோ ஒலியோ கிடைக்கும்வரை கைக்கு அகப்பட்டதைத் தற்காலிகமாக வைத்து வேலையை நகர்த்துவார்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். அபொண்டியின் பட்டியலில் அத்தகையவை அறுபத்தொன்று இருந்தன. ஓபியெரோவின் கூவல் அவற்றுள் ஒன்று. அதற்கு மாற்றாக ஒரு நாடக நடிகரைக் கொண்டு வேறு சொற்களில் வேறு கூவலைப் பதிவும் செய்தாள். பட்டியலில் அறுபத்தொன்றுக்கும் எதிரே குறியிட்டாள். ஆனால், கூவல் இரண்டு காட்சிகளில் வருகிறது. முதற்காட்சியில் மாற்றியவள் இரண்டாவதில் மாற்றவில்லை. யாரையும் பார்க்கவில்லை என்ற பொய்க்குச் சற்று முன்பாக, படகு கரையைத் தொடும் காட்சி அது. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அந்தக் குரலையே நூற்றுக்கணக்கான முறை கேட்டிருந்ததால், அது இருக்கக் கூடாத குரல் என்று அவள் காதுக்குத் தோன்றவே இல்லை.

தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். அவள் கணினியில் அந்தக் காட்சியைத் திறந்தாள். அலை ஓசை கேட்டது. துடுப்பு மணலில் உரசும் ஒலி கேட்டது. பிறகு, 'அடோயோ பெத்த கடைக்குட்டி' என்ற குரல் அறை முழுவதும் நிறைந்தது. அபொண்டி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்னோட்டத்தை உடனே இணையத்திலிருந்து நீக்கினாள். அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதைத் தத்தம் கணினிகளுக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். அவற்றை யாரும் திரும்ப வாங்க முடியாது.

வெக்கேசாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"குரல் தற்செயலா ஒத்துப் போச்சுன்னு சொல்லிடு, தத்துவ ராணி. உலகத்துல கிழவனுங்க கூவாத ஏரி உண்டா?" என்றார் அவர்.

"அவ அந்தத் துறையில பிறந்தவ, வெக்கேசா. நடக்கக் கத்துக்கும் முன்னாடியே அந்தக் கூவலைக் கேட்டவ."

"அப்ப உண்மையைச் சொல்லு."

"அது என் உண்மையா? ஒரு தடவை தெரியாம சொல்லிட்டேன். ரெண்டாந்தடவை தெரிஞ்சே சொல்லச் சொல்றியா?"

"நாலு வருஷமா இந்தக் கேள்வியைத்தான நாம வித்துட்டு இருக்கோம்," என்றார் வெக்கேசா.

அவளுடைய அச்சம் வீணானது அன்று. ஒஜுவாங்கின் அண்ணன் கொயெரா துறைக் குழுவின் தலைவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வலை திருடிய ஒருவனின் படகைத் துறையின் நடுவே நிறுத்தி எரித்தவர். வலைக்கே அப்படியென்றால் தம்பியின் உயிருக்கு எப்படி என்று அபொண்டி யோசித்துப் பார்த்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

அன்று மாலை அபொண்டி போய்ச் சேர்ந்த கொண்டெலே கேம் ஹால் ஒரு நீண்ட, இருட்டான கூடம். பத்துப் பன்னிரண்டு திரைகளின் முன்னால் இளைஞர்கள் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் உயர்ந்த முக்காலியில் அமர்ந்திருந்த மெலிந்த பெண், "நாலாம் நம்பரு, உன் நேரம் முடிஞ்சு போச்சு. தோத்தவன் மூஞ்சியைத் தொடைச்சுட்டு எந்திரி," என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் அகுமு. அபொண்டியை மூலையில் இருந்த ஒரு கணினிக்கு அழைத்துச் சென்றாள். அதன் மின்கம்பி பிடுங்கப்பட்டிருந்தது.

"நான்தான் பிடுங்கினேன். எங்க துறைப் பசங்க மூணு பேர் இங்க வருவாங்க. அவனுங்க கேட்டிருந்தா இந்நேரம் பெரியப்பாவுக்குப் போயிருக்கும்," என்றாள் அகுமு.

"நன்றிம்மா."

"நன்றியெல்லாம் வேணாம். பதினாலு தடவை விளையாடிட்டேன்க்கா. மூணு பதிலையும் சொல்லிப் பாத்துட்டேன்."

"எப்படி இருந்துச்சு?" என்று அபொண்டி கேட்டுவிட்டாள். அச்சத்தில் வாய்க்கு வந்த சொல் அது. பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

"எப்படி இருந்துச்சுன்னு சொல்லவா உங்களைக் கூப்பிட்டேன்? தண்ணியிலேயே ஒரு ஆளை விட்டுட்டு வந்தாரே. அது எங்கப்பாவா?"

"குரலை மட்டும்தான் அங்க பதிவு பண்ணேன். கதை முழுக்க என் கற்பனை. ஓபியெரோ அன்னைக்கு யாரையும் பாக்கலையே," என்றாள் அபொண்டி.

அகுமு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் யாரோ கோல் போட்டார்கள், கூடம் இரைந்தது, அடங்கியது.

"இது மூணாவது பொத்தான்க்கா. நீங்களே எழுதின வசனம். முழுக்கக் கற்பனைன்னா, அவர் அன்னைக்கு எங்கம்மாகிட்ட என்ன சொன்னாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அபொண்டி பிடுங்கப்பட்ட மின்கம்பியைப் பார்த்தாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. அம்மாவுக்கு மாவும் சர்க்கரையும் எடுத்துட்டுப் போறேன். நாலு மணிக்கு அவர் படகு வரும். அம்மா தட்டத்தோட நிப்பாங்க. அதுக்குள்ள எனக்கு யாராவது பதில் சொல்லணும். இல்லன்னா எல்லார் முன்னாடியும் நான் அவரைக் கேப்பேன்," என்றாள் அகுமு. பிறகு திரும்பி, "ஏழாம் நம்பரு, உனக்குத் தனியா ஆள் விட்டுச் சொல்லணுமா? எந்திரிடா," என்றாள். அவள் குரல் நடுங்கியதை அபொண்டி மட்டுமே கவனித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அபொண்டி ஒரு வாடகை மோட்டார் சைக்கிளில் கொயெராவுக்குப் புறப்பட்டாள். யாருடைய கதையோ அவரிடந்தான் முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். ஓபியெரோ படகினுள் நின்று, வெட்டிய பிளாஸ்டிக் குடுவையால் நீரை இறைத்துக்கொண்டிருந்தார். அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். தற்காலிக ஒலி, மாற்ற மறந்த காட்சி, அகுமுவின் கேள்வி, அதற்குத் தான் சொன்ன பொய் என ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் இறைப்பதை நிறுத்தவே இல்லை.

"காட்டு," என்றார் கடைசியில்.

படகின் குறுக்குப் பலகைமேல் கணினியை வைத்துத் திறந்தாள். தம் குரலைக் கேட்டதும் அவர் தலையைச் சாய்த்தார். "எனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்றார். பிறகு மூன்று பேரின் கைகள் விளிம்பைப் பற்றும் காட்சியைத் திரும்பக் காட்டச் சொன்னார்.

"இந்தக் கையில மோதிரம் இருக்கு. அவன் மோதிரம் போட்டதில்ல."

"எடுத்துடறேன், ஐயா."

"வேணாம், இருக்கட்டும். அந்தக் கையாவது அவனோடது இல்லன்னு இருக்கட்டும்." பிறகு கேட்டார்: "இதை ஆடினவங்க அந்தப் பொம்பளைகிட்ட என்ன சொல்றாங்க?"

விளையாடுகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற விவரம், பெயர் இல்லாமல், அவளுக்கு வந்து சேரும். "நானூத்திப் பன்னிரண்டு பேர்ல இருநூத்தித் தொண்ணூறு பேர் யாரையும் பாக்கலன்னுதான் சொல்றாங்க," என்றாள்.

"அத்தனை பேரா?" அவர் முகம் ஒரு கணம் இளகியது. உடனே இறுகிவிட்டது. "உண்மையைச் சொன்னா அவ என்ன பண்றா?"

"திரை கறுப்பாயிடும், ஐயா. அதோட முடிஞ்சிடும். அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு எழுதத் தெரியல."

"எனக்கும் தெரியல, பொண்ணே. பதினோரு வருஷமா அந்தக் கறுப்பைப் பாத்துத்தான் பயந்துட்டு இருக்கேன்," என்றார் ஓபியெரோ.

அவர் குடுவையைப் படகின் மூலையில் போட்டார், துடுப்பை எடுத்தார், படகைத் தள்ளினார். என்ன செய்யப் போகிறார் என்று அவளும் கேட்கவில்லை. படகு சிறுத்துப் புள்ளியாகி, ஒளியில் கரைந்தது. அவர் திரும்பி வரமாட்டாரோ என்ற எண்ணம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அன்று பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை தான் அஞ்சியதைப் போல வாழ்நாளில் அஞ்சியதில்லை என்று அபொண்டி பின்னர் என்னிடம் சொன்னாள். அவள் ஒரு பழைய படகின் நிழலில் அமர்ந்திருந்தாள். துறைக் குழுவின் தலைவர் இருமுறை அவளைக் கடந்து போனார். இரண்டாம் முறை நின்று, "மறுபடியும் தண்ணிச் சத்தம் பிடிக்க வந்தியா? எங்க தண்ணி இன்னுமா உனக்குப் போதல?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். உதடுகள் பற்களில் ஒட்டிக்கொண்டன.

மூன்றரை மணிக்கு அகுமு வந்தாள். அவளுடன் மின் அகுமுவும் வந்தாள். உயரமான, நிமிர்ந்த பெண்மணி; தட்டத்தை இடுப்பில் வைத்திருந்தாள். அகுமு அபொண்டியைக் கண்டும் அருகில் வரவில்லை. நான்கு மணிக்குப் படகுகள் ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டு வந்தன. ஓபியெரோவின் படகு மட்டும் வரவில்லை. நாலேகால் ஆயிற்று.

"கிழவன் இன்னைக்கு முதலையோட மல்லுக்கு நிக்கிறான் போல," என்றாள் ஒருத்தி.

"முதலை ஜெயிச்சா மீனாவது நிறைய வரும்," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

நாலு இருபதுக்குப் படகு வந்தது. அது கூவாமல் வந்தது. பெண்களின் சிரிப்பு நின்றது. துடுப்பு நீரில் இறங்கி ஏறும் ஒலி மட்டுமே கேட்டது. ஓபியெரோ இறங்கினார். வழக்கம்போல் முதல் மீனை எடுத்து மின் அகுமுவின் தட்டத்தில் வைத்தார். கேள்வி கேட்பதற்காக அகுமு ஓரடி முன்னால் வந்தாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். மின் அகுமுவைப் படகின் மறுபக்கத்துக்கு வரும்படி தலையசைத்தார்.

அபொண்டி இருபதடி தூரத்தில் இருந்தாள். அவர் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. பார்க்க மட்டுமே முடிந்தது. அவர் நெடுநேரம் பேசினார். மின் அகுமு அசையவில்லை. பிறகு ஏதோ ஒன்றைக் கேட்டாள். அவர் தம் இடக்கையால் படகின் விளிம்பைப் பற்றினார். வலக்கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் காட்டினார்.

மின் அகுமு தட்டத்திலிருந்த மீனை எடுத்தாள். அதை எறியவில்லை. குனிந்து, மணலின்மேல், ஒரு குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாள். வெறும் தட்டத்துடன் நடந்தாள். மைத்துனரான துறைக் குழுத் தலைவரைக் கடந்து போனபோது அவர் ஏதோ கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தாள். அகுமு தாயின் பின்னால் ஓடினாள்.

அதற்குப் பிந்திய நாள்களிலும் அச்சம் தணியவில்லை. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் அபொண்டி மாடிச் சன்னலுக்கு வந்துவிடுவாள். நாள்தோறும் காலையில் ஓபியெரோவைத் தொலைபேசியில் அழைத்து, படகு இருக்கிறதா என்று கேட்பாள்.

"இருக்கு. நல்லா நனைஞ்சு இருக்கு. எரிக்கணும்னு நினைக்கிறவன் முதல்ல காய வைக்கணும்," என்பார் அவர்.

யாரும் எரிக்கவில்லை. மின் அகுமு மைத்துனரிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்பது யாருக்கும் தெரியாது, அகுமுவுக்கும் தெரியாது. அவள் வேறொரு படகில் மீனை விலைகொடுத்து வாங்கத் தொடங்கினாள். ஓபியெரோவை அவள் பார்ப்பதுமில்லை, பழிப்பதுமில்லை. அவருடைய படகு அன்று வந்ததைப் போலவே நாள்தோறும் கூவாமல் வந்துகொண்டிருந்தது. தொண்டை கெட்டுவிட்டது என்று துறை பேசிக்கொண்டது.

'மூன்றாவது கை' ஆறு மாதங்களுக்குப் பிறகே மறுபடியும் வெளிவந்தது, ஓபியெரோவிடமும் அகுமுவிடமும் கேட்ட பிறகு. "வெளியிடுங்கக்கா. அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல," என்றாள் அகுமு. மோதிரம் அப்படியே இருக்கிறது. கறுப்புத் திரையும் அப்படியே இருக்கிறது. மின் அகுமு செய்ததை அபொண்டி கண்ணால் பார்த்தவள். ஆயினும், அது அவளுடைய மீன், அவளுடைய மணல் என்று சொல்லி எழுத மறுத்துவிட்டாள். நடிகரின் கூவலையும் எடுத்துவிட்டாள். படகு கரையைத் தொடும் இடத்தில் இப்போது துடுப்பின் ஒலி மட்டுமே. அங்கே ஏதோ ஒலி விடுபட்டிருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அவள் பதில் எழுதுவதில்லை.

கடந்த வியாழக்கிழமை அவள் மறுபடியும் என் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அகுமுவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முன்தினம் மாலை ஓபியெரோவின் படகு வந்தபோது மின் அகுமு மீன் காய வைக்கும் பரணருகே நின்றிருந்தாளாம். திரும்பிப் பார்க்காமலேயே, "கூவாம வர்ற படகுல யாருடி நம்பி மீன் வாங்குவா?" என்றாளாம். பக்கத்தில் இருந்த பெண்களிடம் சொன்னதைப் போலத்தான் இருந்ததாம். ஆனால், ஓபியெரோவின் காதில் விழுகிற அளவுக்கு உரக்கச் சொன்னாளாம்.

அபொண்டி அதை எனக்குப் படித்துக் காட்டினாள். அவளுடைய முகம் அந்தச் செவ்வாய்க்கிழமையில் இருந்ததைப் போலவே வெளிறியிருந்தது.

"இது நல்ல சேதிதானேம்மா? இன்னும் என்ன பயம்?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு அவர் கூவிட்டாருன்னா, அவங்க மன்னிச்சுட்டாங்கன்னு நினைச்சுக்குவாரோன்னு பயமா இருக்கு. கூவலைன்னா, சொன்னதை மதிக்கலையேன்னு அவங்க நினைச்சுக்குவாங்களோன்னு அதுவும் பயமா இருக்கு."

அப்போது மணி மூன்றரை; படகுகள் கரைக்கு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் அடுப்பில் மறுபடியும் பாலை வைத்தேன். அவள் கைப்பேசியை மேசைமேல், திரை மேற்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு, என் எதிரே அமர்ந்துகொண்டாள்.